தாம்பூலப் பையில் கிடைத்த சாட்சி

சென்ற ஆண்டு மார்ச் மாதம், முந்திரிப் பருப்பு வறுக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பதிவுத் தபால் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ். மூன்று பக்கமும் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். எங்கள் கட்சிக்காரரின் வணிகப் பெயரை நீங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துகிறீர்கள், பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும், கையில் உள்ள உறைகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு.

அந்தப் பெயர் என் மாமியாருடையது. அவர் திண்ணையில் உட்கார்ந்து உடைந்த பருப்பைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைப் பதிவு செய்யும் வேலை இன்னும் முடியவில்லை. முடிகிற வரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அத்தையின் பெயர், அதையடுத்து முந்திரி என்ற சொல், அவ்வளவுதான் எங்கள் உறையில் இருப்பது. அத்தையின் பெயரில் ஒரு ளகரம் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம் நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, மாமனார் வைத்த மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தன. விடிந்ததும் தோப்புக்குப் போன என் கணவர், எங்கே நின்றாலும் அடுத்த ஊர் தெரிகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி கன்று வைத்துக் காய்ப்பைப் பார்க்கக் காத்திருக்கும் நிலையில் நாங்கள் இல்லை. கடலூருக்கு வந்தோம். அவர் வேலைக்குப் போனார். எனக்குத் தெரிந்தது பருப்புதான். அத்தைக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து கொட்டை உடைத்தவர் அவர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். இன்றும் அவருடைய விரல் நுனிகள் கறுத்துத்தான் இருக்கும்.

2013-இல் மிளகு உப்பு போட்டு வறுத்த முந்திரியையும், வெல்லப்பாகில் பிடித்த முந்திரி உருண்டையையும் உறையிலிட்டு விற்க ஆரம்பித்தோம். முதலில் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு மளிகைக் கடை. பிறகு கல்யாண ஆர்டர். பிறகு புதுச்சேரி. அங்கே ஒருவர் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குப் போடத் தொடங்கினார். 2016-இலிருந்து எங்களிடம் வாங்கியவர். மரியாதையானவர், பண்டிகைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், அத்தையை அம்மா என்றுதான் கூப்பிடுவார். 2024 தொடக்கத்தில் ஆர்டர் குறைந்தது, பிறகு நின்றது. வேறு எங்கோ மலிவாக வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டோம். பாக்கிப் பணம் மட்டும் நின்றுபோயிருந்தது.

நோட்டீஸ் அவரிடமிருந்துதான் வந்திருந்தது. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், புதுச்சேரிக் கடை ஒன்றிலிருந்து அவருடைய உறையை வாங்கி வந்தாள். எங்கள் மஞ்சள் நிறம், எங்கள் முறம் இருக்கும் படம், அதே இடத்தில் பெயர். ளகரம் மட்டும் லகரமாகியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைவிடப் பயம்தான் பெரிது. நாமே தப்புச் செய்துவிட்டோமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. இதை வாசிக்கும் தொழில் செய்கிறவர்களுக்கு முதலில் சொல்ல நினைப்பது இதுதான்: வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. எதிர்த்தரப்பு தன் கோரிக்கையை எழுதி அனுப்பிய கடிதம், அவ்வளவே. ஆனால் பதில் போடாமல் இருந்துவிடக் கூடாது. உறவினர் ஒருவர், கண்டுகொள்ளாதே, கிழித்துப் போடு என்றார். இன்னொருவர் பெயரை மாற்றிவிடு, முந்திரிதானே விற்கிறாய், எந்தப் பெயரில் விற்றால் என்ன என்றார். இரண்டாவது யோசனை என்னை மிகவும் வருத்தியது. பன்னிரண்டு ஆண்டு ஒரு பெயரைச் சொல்லி விற்றால் அந்தப் பெயர்தான் சரக்கு. வாங்குகிறவர் உறையைத் திறந்து கடித்துப் பார்த்தா காசு கொடுக்கிறார்?

மகளின் கல்லூரி ஆசிரியை ஒருவர் சொல்லி, கடலூரில் ஒரு பெண் வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். என்னைவிடச் சிறியவர். வணிகச் சின்னம் (டிரேட் மார்க்) தொடர்பான வேலைகளைச் சென்னையில் சில ஆண்டுகள் பார்த்தவர். எங்கள் உறையைக் கையில் வாங்கியதும் அவர் பார்த்தது பெயரை அல்ல, பெயருக்கு மேலே மூலையில் இருந்த சிறு குறியை. வட்டத்துக்குள் ஆர் என்ற ஆங்கில எழுத்து.

"அக்கா, இது எப்போது பதிவானது?"

2019-இல் என்றேன். ரசீதைக் கொடுத்தேன். அதில் விண்ணப்ப எண் இருந்தது. அவர் கணினியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். கைவிடப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் சிவப்பில் இருந்தது.

நடந்தது இதுதான். 2019-இல் கணக்கு, வரி வேலை பார்த்துத் தரும் ஓர் அலுவலகத்தில், எல்லாப் பதிவும் செய்து தருகிறோம் என்றார்கள். 11,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழி விண்ணப்பத்துக்கான அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500 ரூபாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. விண்ணப்பம் போட்டதும் ஓர் எண் வரும். அதுவே பதிவு என்று நினைத்து அச்சகத்தில் அந்த வட்டக் குறியைப் போடச் சொன்னேன். விண்ணப்பத்தைப் பரிசீலித்த வணிகச் சின்னப் பதிவகம் சில கேள்விகள் கேட்டு அறிக்கை அனுப்பியிருக்கிறது. அதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அறிக்கை அவர்களுடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, எனக்கு அல்ல. யாரும் பதில் போடவில்லை. விண்ணப்பம் செத்துப்போனது. ஐந்து ஆண்டுக்கும் மேலாக, பதிவாகாத பெயருக்குப் பதிவுக் குறி போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அது சட்டப்படி தவறு, அபராதம் உண்டு. வழக்கறிஞர் முதலில் செய்யச் சொன்ன வேலையே மீதி உறைகளை ஓரமாக எடுத்து வைப்பதுதான். டி.எம். என்ற இரண்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். அது, இந்தப் பெயரை என்னுடையதாகக் கொள்கிறேன் என்று அறிவிப்பது. வட்டத்துக்குள் ஆர், பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான்.

பிறகு அவர் அந்தப் புதுச்சேரிக்காரருடைய விண்ணப்பத்தைத் தேடினார். யாருடைய விண்ணப்பத்தையும் யார் வேண்டுமானாலும் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்த பெயர்களைத் தேடவும் அதில் வழி இருக்கிறது. புதுச்சேரிக்காரர் 2023-இலேயே விண்ணப்பித்திருந்தார். எங்களிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தபோதே. 2016-இலிருந்து தானே இந்தப் பெயரைப் பயன்படுத்திவருவதாக எழுதியிருந்தார். பதிவகத்தின் இதழில் 2025 ஜனவரியில் அது விளம்பரமாகியிருந்தது. அந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நாங்கள் போய் உட்கார்ந்த அன்றைக்கு மூன்றே கால் மாதம் கடந்திருந்தது. உறவினர் சொன்னபடி நோட்டீஸைக் கிழித்துப் போட்டிருந்தால் அந்த ஜன்னல் எங்களுக்குத் தெரியாமலே மூடியிருக்கும்.

"ஓர் எழுத்து வேறாக இருக்கிறதே மேடம், அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தாளில் இரண்டு பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார். தமிழில் பெயர் வைத்து விண்ணப்பிக்கும்போது, அதன் ஒலியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும், பொருளையும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ஒன்றுதான். தாளில் இரண்டு பெயரும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் நின்றன. அது போக, கடையில் வாங்குகிறவர் இரண்டு உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை, அரைகுறை நினைவோடுதான் வாங்குகிறார், சட்டமும் அந்த ஆளின் கண்ணால்தான் பார்க்கிறது என்றார். இந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அடிப்படைக் கேள்வி வேறு. யார் முதலில்?

இந்தியாவில் பதிவு செய்தவருக்குப் பலம் உண்டு. ஆனால் பதிவு செய்தவருக்கும் முன்பிருந்தே ஒரு பெயரை நேர்மையாகத் தொடர்ந்து பயன்படுத்திவருபவரை, அந்தப் பதிவை வைத்துத் தடுக்க முடியாது என்று 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். அதில் இரண்டு பக்கத்திலும் பதிவு இருந்தது. முன்பிருந்து பயன்படுத்துபவரின் உரிமை, பதிவினால் வரும் உரிமையைவிட மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. அடுத்த கேள்வியில் மறுபடி நின்றுவிட்டது.

"2016-க்கு முந்தைய பில் கொண்டு வாருங்கள் அக்கா."

2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் தெருவுக்குள் புகுந்தது. இடுப்பளவு. பரணில் வைத்தவை பிழைத்தன, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை சேறாயின. பழைய பில் புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கார்பன் எழுத்து கரைந்து, நீல நிறக் கட்டியாக இருந்தது. அள்ளி வெளியே போட்டவள் நான்தான்.

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. நாங்கள் வீடு முழுக்கக் காகிதம் தேடினோம். அச்சகத்துக்குப் போனேன், அச்சகக்காரர் பழைய கணக்கு நோட்டைப் புரட்டி, 2013 ஐப்பசியில் ஆயிரம் லேபிள் அடித்ததற்கான பதிவை எடுத்துக் கொடுத்தார், அந்த முதல் லேபிளின் மாதிரி ஒன்றும் ஒட்டியிருந்தது. மளிகைக் கடை அண்ணனிடம் ஒன்றும் இல்லை. வாய்ச் சாட்சி சொல்கிறேன் என்றார். பிறகு அத்தைதான் கேட்டார்: "அந்தத் தாம்பூலப் பை இருக்கிறதா பார்."

2014 ஆவணியில் என் தங்கை கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஐம்பது கிராம் முந்திரிப் பொட்டலம் ஒன்று போட்டோம். பொட்டலத்தின் ஒரு பக்கம் எங்கள் லேபிள், மறுபக்கம் மணமக்கள் பெயரும் திருமணத் தேதியும் மண்டபமும் அச்சடித்திருந்தோம். தங்கை அதில் ஒன்றைக் கல்யாண ஆல்பத்துக்குள் செருகி வைத்திருந்தாள். பருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது, உறை மட்டும் இருந்தது. தேதியோடு. வழக்கறிஞர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு, "இதை மடிக்காதீர்கள்" என்றார்.

இன்னொரு சாட்சி, நான் பல ஆண்டுகளாகச் சலித்துக்கொண்ட இடத்திலிருந்து வந்தது. எங்கள் ஊர் அமைப்பு தெரிந்தவர்களுக்குப் புரியும். கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறி முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அது வேறு ஆட்சிப் பரப்பு. ஜி.எஸ்.டி. கணக்கில், சென்னைக்குச் சரக்கு அனுப்பினால் உள்மாநில விற்பனை, அரை மணி தூரத்தில் இருக்கும் தவளக்குப்பத்துக்கு அனுப்பினால் வெளிமாநில விற்பனை. வெளிமாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்கிற எங்களைப் போன்றவர்கள், விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும். 2017 ஜூலையிலிருந்து மாதாமாதம் கணக்கு, ஒழுங்காக எண் போட்ட பில், கணக்கருக்குக் கூலி. இந்த எல்லைக்கோடு மட்டும் இல்லையென்றால் எவ்வளவு நிம்மதி என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கோடுதான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரிக்காரருடையது 34-இல் தொடங்கும். 2017-இலிருந்து 2024 வரை நாங்கள் அவருக்குப் போட்ட ஒவ்வொரு பில்லும் அவருடைய எண்ணோடு அரசாங்கத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது. பில்லின் நகல்கள் கணக்கரின் கணினியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அத்தையின் பெயர் ளகரத்தோடு, இருநூறு கிராம் இத்தனை உறை, ஐநூறு கிராம் இத்தனை உறை என்று இருக்கிறது. 2016-இலிருந்து என் பெயர் என்று சொல்கிறவர், ஏழு ஆண்டுகள் அதே பெயர் போட்ட சரக்கை எங்களிடமிருந்து விலைக்கு வாங்கியதை எப்படி மறுப்பார்?

அதற்குப் பிறகு நடந்தவை சட்டென்று நடந்தன. நோட்டீஸுக்குப் பதில் போனது, லேபிள் மாதிரி, தாம்பூலப் பொட்டலம், பதினாறு பில் ஆகியவற்றின் நகலோடு. பதிவகத்தில் எதிர்ப்பு மனு, கட்டணம் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். எதிர்ப்பின் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அவர் தம் பதிலைப் பதிவகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அவர் கொடுக்கவில்லை. ஆவணி கடைசியில் அவருடைய விண்ணப்பத்தின் நிலை, எங்கள் 2019 விண்ணப்பத்தினுடையது போலவே, சிவப்பு எழுத்தாக மாறியது. எனக்கு அதில் மகிழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் கை நனைத்தவர்.

எங்கள் சொந்த விண்ணப்பத்தை ஏப்ரலிலேயே புதிதாகப் போட்டோம். இங்கே வகுப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முந்திரி ஒன்றே மூன்று இடத்தில் வரும். பக்குவம் செய்யாத கொட்டை 31-ஆவது வகுப்பு. வறுத்து உப்புக் காரம் சேர்த்த பருப்பு 29. வெல்லம் சேர்த்து உருண்டையாக்கினால் மிட்டாய் வகையோடு 30. எங்கள் 2019 விண்ணப்பம் 31-இல் போடப்பட்டிருந்தது. நாங்கள் பச்சைக் கொட்டை விற்றதே கிடையாது. அதுமட்டுமல்ல, இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். 2013-இலிருந்து விற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு. அந்த விண்ணப்பம் பிழைத்துப் பதிவாகியிருந்தாலும் எங்களுக்கு அது பொருந்தாத சட்டையாகத்தான் இருந்திருக்கும். இந்த முறை 29, 30 இரண்டிலும் போட்டோம், 9,000 ரூபாய். எந்த ஆண்டிலிருந்து பயன்பாடு என்று எழுதி, அதற்கான ஆதாரத்தோடு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம். மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் மகளுடையது. யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், பதிவகத்திலிருந்து வரும் கடிதம் உங்கள் கைக்கும் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

லேபிளில் இருக்கும் படத்தைப் பற்றியும் வழக்கறிஞர் கேட்டார். அத்தை முறத்தோடு உட்கார்ந்திருக்கும் கோட்டோவியம் அது, புதுச்சேரியில் ஓவியம் படித்த ஒரு தம்பி வரைந்தது. மூவாயிரம் ரூபாய் கொடுத்தோம், படம் நமதாயிற்று என்று நினைத்தோம். காசு கொடுத்து வரையச் சொன்னதாலேயே ஒரு லோகோ நமதாகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நம்மிடம் சம்பளத்துக்கு இல்லாத ஓவியரிடமிருந்து பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும் என்றார். அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். நல்ல பிள்ளை. பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டான். அத்தைக்குக் கொடுக்கச் சொல்லிப் புதிதாக ஒரு படமும் வரைந்து கொடுத்தான்.

பாக்கிப் பணத்துக்கும் வழி இருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். 64,000 ரூபாய். குறு, சிறு தொழிலாக உதயம் பதிவு வைத்திருக்கும் உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் வேறு நாள் பேசியிருந்தாலும்கூட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மறுபடியும் எல்லைக்கோட்டு விஷயம்: வாங்கியவர் புதுச்சேரியில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் பக்கத்திலேயே முறையிடலாம். சமாதான் என்ற அரசு இணையதளத்தில் மனுப் போட்டிருக்கிறோம். உதயம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த முந்திரி வியாபாரி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நான் பண்ருட்டி முந்திரி என்றே பதிந்துகொள்கிறேன் என்று கிளம்பினார். முடியாது. ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்தால் அது ஒருவருக்குச் சொந்தமாகாது. பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருப்பது போல. அது அந்த மண்ணில் விளைவிக்கிற, செய்கிற எல்லோருக்கும் பொதுவான உரிமை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டு அந்தக் குறியைப் பயன்படுத்தலாம். சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம்தான் நாடு முழுவதுக்கும். புயலில் தோப்பை இழந்த எங்களுக்கு, ஊரின் பெயரையாவது யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். எங்களிடம் அவர் நியாயமாகத்தான் வாங்கினார். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. பெண் என்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். சுயஉதவிக் குழுவில் நாங்கள் இருபது பேர். எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்து விற்கிறோம். ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

முதுநகரில் நெத்திலிக் கருவாடு உறையிலிட்டு விற்கும் ஒரு தங்கை போன வாரம் வந்திருந்தாள். பில் புத்தகமே இல்லை அக்கா, எல்லாம் போனில்தான் என்றாள். அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். 2020-இலிருந்து வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகள், பெயர் தெரிகிற உறையின் படங்கள், பணம் வந்த விவரம், எல்லாம் தேதியோடு இருந்தன. இடம் போதவில்லை என்று அழிக்கப் போகிறேன் என்றாள். அவளை உட்கார வைத்து, மகள் மடிக்கணினியில் அத்தனையையும் இறக்கிக் கொடுத்த பிறகுதான் அனுப்பினேன். அச்சகத்தில் முதல் லேபிள் அடித்த ரசீதையும் தேடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் விண்ணப்பத்துக்கு வந்த பரிசீலனை அறிக்கை, எதிர்பார்த்தபடியே அந்தப் புதுச்சேரிப் பெயரைக் காட்டித் தடை சொன்னது. எதிர்ப்பு மனுவைக் காட்டிப் பதில் கொடுத்தோம். அவருடைய விண்ணப்பம் விழுந்த பிறகு எங்களுடையது ஏற்கப்பட்டு இதழில் வெளியாகி, இப்போது இரண்டு மாதமாகிறது. இன்னும் இரண்டு மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் வரும். பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஏப்ரலில் விண்ணப்பம் போட்ட நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவரின் பெயரையோ உருவத்தையோ சின்னமாக வைத்தால் அவருடைய ஒப்புதலைப் பதிவகம் எழுத்தில் கேட்கலாம். கேட்பதற்கு முன்பே வாங்கி வைப்போம் என்றார் வழக்கறிஞர். அத்தையை ஆட்டோவில் அழைத்துப் போனோம். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அவன் என் பெயரை எப்படி எழுதினான்?" என்று கேட்டார். மகள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ளகரம் வந்ததும் நின்று, மூச்சு விட்டு, அந்தச் சுழியை ஒருமுறை எழுதி, அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார். மை ஊறிக் கொஞ்சம் தடித்துவிட்டது. வேறு தாள் எடுக்கட்டுமா பாட்டி என்று வழக்கறிஞர் கேட்டார்.

"வேண்டாம்மா. தெரிகிற மாதிரி இருக்கட்டும்."